பவளத்துக்கு எவ்வளவு வெளிச்சம்

ஒன்பது அங்குலமா பன்னிரண்டா என்று முதலில் முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும் என்று ஸ்டூலின் மேல் நின்றபடி நினைக்கிறேன். தண்ணீருக்கு எவ்வளவு மேலே விளக்கு தொங்க வேண்டும் என்பதுதான் கேள்வி. கூரையில் இரண்டு கொக்கி, கொக்கியில் இரண்டு கம்பி, கையில் கறுப்புப் பலகை மாதிரி ஒரு விளக்கு, கீழே நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி, தொட்டிக்குள் உப்பு கரைத்து நானே உண்டாக்கிய கடல். திருப்பூரில் கடல். குடிதண்ணீருக்கே நாள் எண்ணும் ஊரில் இருநூற்றைம்பது லிட்டர் உப்புத் தண்ணீரை ஹாலில் நிறுத்தி வைத்திருப்பவன் நாச்சிமுத்து ஒருவன்தான் என்று கம்பெனியில் சிரிப்பார்கள். சிரித்தார்கள். இப்போது யாரும் என்னிடம் சிரித்துப் பேசுவதில்லை, அல்லது அப்படி எனக்குத் தோன்றுகிறது, பக்கவாட்டில் நிற்பவர்களின் முகம் எனக்குச் சரியாகத் தெரிவதில்லை என்பதால்கூட இருக்கலாம். அதை நினைக்கக் கூடாது. விளக்கை நினைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, மணி பதினொன்றேகால், சாயங்காலம் ரஹ்மத்துல்லா வந்து வேண்டாத விளக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவார், அதற்குள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். உக்கடத்தில் மீன் கடை வைத்திருக்கும் மனிதர், எனக்காகக் கோயமுத்தூரிலிருந்து இரண்டு விளக்கும் வெளிச்சம் அளக்கும் கருவியும் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். போகும்போது தொட்டியை எட்டிப் பார்த்தார். விளக்கை நான் அணைத்து வைத்திருந்தேன், ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பார்த்துவிட்டு, "என்ன சார் இப்படி வெளுத்துருச்சு?" என்றார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டவர் மாதிரி குரலைத் தாழ்த்தி. பழைய விளக்கு தேய்ந்துவிட்டது, வெளிச்சம் போதவில்லை என்றேன். அவர் தலையாட்டினார். ஆனால் வாசலில் செருப்பு மாட்டும்போது, "கொறஞ்சாலும் வெளுக்கும், கூடுனாலும் வெளுக்கும் சார், இதுல அதான் சங்கடம். அளந்து பாத்துக்கங்க. கலர்ல நீங்க ராஜா, உங்களுக்கு நான் சொல்லோணுமா?" என்றார்.

கலரில் ராஜா. விளக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு இறங்குகிறேன். இறங்கும்போது ஸ்டூலின் கால் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று காலால் துழாவ வேண்டியிருக்கிறது, கீழ்ப்பக்கம் ஒரு புகை. அடுக்களையில் வசந்தாமணி கத்தரிக்காய் நறுக்குகிறாள், கத்தி பலகையில் படும் சத்தம் ஒரே சீராக வருகிறது, அவளுக்கு நான் இறங்கிய விதம் தெரிந்திருக்காது. விளக்கைப் போடுகிறேன். தொட்டி எரிகிறது. எரிகிறதா? ஏதோ ஒரு வெளிச்சம், மழைக்கு முந்திய வானம் மாதிரி, நீலம் என்று சொல்ல முடியாத ஒரு சாம்பல். பவளத்துக்கு வேண்டியது நீலம்தான். கடலுக்குள் இறங்க இறங்கச் சிவப்பு முதலில் செத்துப்போகும், அப்புறம் மஞ்சள், கடைசிவரை கூட வருவது நீலம், அதனால்தான் பவளம் நீலத்தைத் தின்று வாழக் கற்றுக்கொண்டது. இதை எனக்குச் சொன்னது என்னோடு வேலை பார்த்த ஜெசிந்தா. கம்பெனிச் சாய லேபில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், டிபன் மூடியில் மீன் முள்ளை ஒதுக்கி வைத்துக்கொண்டே சொன்னாள். வேம்பாற்றுக்காரி, அப்பா சங்கு குளித்தவர். "உள்ள கெடக்கும்போது அப்படி இருக்கும் சார், சேலை விரிச்ச மாதிரி. மேல எடுத்தா அஞ்சு நிமிஷத்துல நெறம் செத்துப்போவும்" என்றாள். அந்த வாரமே நான் உக்கடத்துக்குப் போனேன். முப்பது வருஷம் துணியில் நிறத்தைப் பிடித்து நிறுத்தியவன் நான், உயிரோடிருக்கும் நிறம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. ரஹ்மத்துல்லா பண்ணையில் வளர்த்த பவளம் என்று காகிதம் காட்டிக் கொடுத்தார், கையகலப் பாறைத் துண்டில் சட்டைப் பொத்தான் அளவுக்குப் பூக்கள். பச்சைக்குள் ஆரஞ்சு. அப்போது எனக்கு அது தெரிந்தது. நான்கு வருஷத்தில் பாறை முழுக்கப் படர்ந்தது. ஜெசிந்தா ஒரு தடவை மகள்களோடு வந்து நின்று பார்த்தாள். போகும்போது, "எங்கப்பாவுக்குக் காட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். ஜெசிந்தாவை நினைக்கக் கூடாது. இந்த விளக்கு மங்கல். இது வேண்டாம். இரண்டாவதைப் பார்க்கலாம்.

"ஏனுங்க, சாதம் வடிச்சாச்சு, எப்ப வர்றீங்க?" என்று வசந்தாமணி கேட்கிறாள். "இதோ" என்கிறேன். "வசந்தா, இங்க வா. இந்த வெளிச்சம் என்ன கலரா தெரியுது?" ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். "நீலமாத்தான். ஏன்?" "எப்படி நீலம்?" "நல்லாத்தான் இருக்குது. குளுகுளுன்னு." இப்படித்தான் கொஞ்ச நாளாக அவளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தச் சட்டை நல்லாருக்கா, என்ன கலர் எடுப்பா இருக்கு என்று ஆசையாகக் கேட்பது மாதிரி. வயசான காலத்தில் மனுஷனுக்கு ரசனை வந்துவிட்டது என்று அவள் தங்கையிடம் போனில் சொன்னது காதில் விழுந்தது. சந்தோஷமாகத்தான் சொன்னாள். அவள் அடுக்களைக்குப் போகிறாள், நான் இரண்டாவது பெட்டியைப் பிரிக்கிறேன். தெர்மகோல் கிரீச்சிடுகிறது, பல் கூசுகிறது. லேபில் எங்களிடமும் ஒரு விளக்குப் பெட்டி இருக்கிறது, உள்ளே சாம்பல் பூசிய ஒரு சின்ன அறை மாதிரி, துணியை அதற்குள் வைத்துப் பொத்தானை மாற்றினால் பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு மஞ்சள் வெளிச்சம் என்று மாறி மாறி எரியும். பகலில் ஒன்றாக இருக்கும் இரண்டு துணி கடை விளக்கில் பிரிந்துபோகும். அதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. சாயம் போட்ட துணி சரியா தப்பா என்று கம்ப்யூட்டர் ஒரு எண் சொல்லும், ஆனாலும் கடைசிச் சொல் என் கண்ணுடையது. நாச்சிமுத்து பார்த்துவிட்டாரா என்று கேட்காமல் திருப்பூரில் எங்கள் கம்பெனித் துணி ஒரு மீட்டர் வெளியே போனதில்லை. அந்த நேவி நீலமும் என்னைக் கேட்காமல் போகவில்லை. மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கம்ப்யூட்டர் எல்லைக்கோட்டில் நின்றது. நான் துணியை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜெசிந்தா பக்கத்தில் நின்று, "சார், கொஞ்சம் பச்ச அடிக்குல்லா?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், பதினாறு வருஷத்தில் அவள் என்னைத் திருத்தியதில்லை. நான், "இல்லம்மா, சரியா இருக்குது" என்றேன். கையெழுத்துப் போட்டேன். அறையில் எங்கள் இருவரையும் தவிர யாரும் இல்லை. யாரும் இல்லை என்பதை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் கதவு சாத்தியிருக்கிறது, விளக்குப் பெட்டி எரிகிறது, யாரும் இல்லை.

இரண்டாவது விளக்கு நீளமானது, கனமும் அதிகம். மாட்டுவதற்குள் முதுகு வியர்த்துவிட்டது. போடுகிறேன். இதுவும் சாம்பல். முதல் விளக்கைவிடக் கொஞ்சம் மோசமாகக்கூட. என்ன விளக்கு செய்கிறார்கள். அந்த நேவித் துணியைத் தைத்து முடித்து, பெட்டியில் அடுக்கி, கப்பலில் போய், சித்திரைக் கடைசியில் அத்தனையும் வேண்டாம் என்று கடிதம் வந்தது. நீலத்தில் பச்சை அடிக்கிறதாம். முதலாளி எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேஜையில் அந்தத் துணியைப் போட்டுவிட்டு, "இதுக்கு மாதிரி எடுத்தது யாரு?" என்று கேட்டார். சாயத்தைக் கலந்து மாதிரித் துணி எடுப்பது ஜெசிந்தாவின் வேலை, பார்த்து ஒப்புக்கொள்வது என் வேலை. கேள்வி அவளைப் பற்றியதாக இருந்தது. நான் பதில் சொன்னேன். "மாதிரி அவங்கதானுங்க எடுத்தாங்க." பொய் இல்லை. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஜெசிந்தா என்னைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன், என் இடது பக்கம் நின்றாள், இடது பக்கம் எனக்குப் புகை. முதலாளி, "இவரு கண்ணு தப்புப் பண்ணாது. நீங்கதான் இவரு பாத்ததுக்கப்புறம் கலவைய மாத்திப்புட்டீங்க" என்றார். அவள், "இல்லீங்க சார்" என்றாள், ஒரே ஒரு தடவை. அப்புறம் நான் பேசுவேன் என்று காத்திருந்தாள். நான் மேஜை மேல் கிடந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன், பச்சை தெரிகிறதா, தெரிகிறதா என்று. தெரியவில்லை. மறுநாள் அவள் நாற்காலியில் ஆள் இல்லை. மாதிரி அவங்கதானுங்க எடுத்தாங்க. மூன்று சொல். பல் விளக்கும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, மூன்றும் வரிசையாக வந்து நிற்கின்றன. மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன். எடுத்தது அவங்க, பாத்தது நானுங்க. இப்படிச் சொல்லியிருந்தால் நான்கு சொல். ஒரு சொல்தான் அதிகம்.

கருவியை எடுக்கிறேன். ஒரு கம்பி, நுனியில் வெள்ளைப் பொட்டு, இந்தப் பக்கம் எண் காட்டும் பெட்டி. தண்ணீருக்குள் விட்டுப் பாறையின் மேல் பொட்டை வைத்தால் அங்கே எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று சொல்லும். என்னிடம் இருப்பது போன்ற மென்பவளங்களுக்கு நூறிலிருந்து நூற்றைம்பது வரை போதும் என்று ரஹ்மத்துல்லா சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். தண்ணீர் முழங்கைவரை ஏறுகிறது, ஒரு மீன் வந்து விரலைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போகிறது. எனக்குத் தண்ணீருக்குள் கை வைப்பது பிடிக்கும், அதற்குக் கண் வேண்டாம். கோயமுத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஓரங்களில் எங்கேயாவது வெளிச்சப் பொட்டு மின்னினால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். நான் காத்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பரிசோதனை செய்த பெண் தோளைத் தொட்டு, "ஐயா, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டாள். அத்தனை நேரமும் பொட்டுகள் மின்னிக்கொண்டிருந்திருக்கின்றன. டாக்டர் நல்லவர், படம் போட்டுக் காட்டினார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு நசுங்கிவிட்டது, போனது போனதுதான், சொட்டு மருந்து மிச்சமிருப்பதைக் காப்பாற்றும் என்றார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "கலருங்க?" அவர் எழுதிக்கொண்டே, "சிலருக்கு நீலம் மங்கும்" என்றார். என்ன தொழில் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சிலருக்கு. பஸ்ஸில் வரும்போது அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். எல்லாருக்கும் என்று அவர் சொல்லவில்லையே. சிலர் என்றால் யாரோ. வீட்டுக்கு வந்து கண்ணாடி மாற்ற வேண்டுமாம் என்று வசந்தாமணியிடம் சொன்னேன். சொட்டு மருந்தைச் சட்டைப் பெட்டிக்குள் வைத்தேன். தை மாதம். அதற்கு அப்புறம்தான் மாசி. வரிசை அப்படித்தான் வரும், எப்படி மாற்றிப் போட்டாலும் தைக்கு அப்புறம்தான் மாசி வருகிறது.

நூற்று முப்பத்தெட்டு. இரண்டாவது விளக்கு ஒன்பது அங்குலத்தில் நூற்று முப்பத்தெட்டு. அப்படியானால் போதும். ஆனால் என் கண்ணுக்கு இது அந்தி நேரம் மாதிரி இருக்கிறதே. முதல் விளக்கை மறுபடி மாட்டி அளக்கிறேன், நூற்று நாற்பத்திரண்டு. அதுவும் போதும். அப்படியானால் பழைய விளக்கு எவ்வளவு மோசம் என்று பார்த்துவிடலாம், இருபதா முப்பதா, ரஹ்மத்துல்லாவிடம் சொன்னால் ஒத்துக்கொள்வார். சோபாவுக்குப் பின்னால் வைத்திருந்த பழைய விளக்கை எடுத்து மாட்டுகிறேன். இதில் நீலத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ரிமோட் உண்டு. முதலில் நூற்றுக்கு முப்பத்தைந்து வைத்திருந்தேன். மங்குகிறது மங்குகிறது என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இப்போது தொண்ணூற்றைந்து. அப்படியும் போதாமல்தான் புது விளக்கு. போடுகிறேன். பொட்டைப் பாறையில் வைக்கிறேன். எண் ஓடி ஓடி நிற்கிறது. நானூற்று அறுபது. கருவி சரியில்லை. பொட்டைத் துடைத்துவிட்டு வைக்கிறேன். நானூற்று அறுபத்திரண்டு. ஓரத்தில் வைக்கிறேன், முந்நூற்றுப் பத்து. பாறைக்கு அடியில், நிழலில், நூற்றெழுபது. பொட்டை மறுபடி பாறையின் மேலேயே வைக்கிறேன். நான் எண்ணைத் தப்பாகப் படிக்கிறேன். அப்படித்தான் இருக்க வேண்டும். "வசந்தா, இங்க வா. இதுல என்ன நம்பர் இருக்குதுன்னு சொல்லு." அவள் வருகிறாள், வரும்போதே கையை நெற்றிக்குக் குடை பிடிக்கிறாள். "நாலு... ஆறு... பூஜ்யம். ஐயோ, இந்தப் பழசை மறுபடியும் போட்டுட்டீங்களா? கண்ணு கூசுதுங்க." "கூசுதா?" "ரெண்டு மாசமாச் சொல்லிட்டிருக்கறனே. பங்குனியிலிருந்து என்ற சேரை அந்தச் செவுத்துப் பக்கம் திருப்பிப் போட்டுத்தான டி.வி. பாக்கறன், கவனிக்கலீங்களா?" திரும்பிப் பார்க்கிறேன். நாற்காலி சுவரோரம் இருக்கிறது. இரண்டு மாதமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது. "இதும் நீலந்தானே" என்கிறேன், குரல் எங்கிருந்தோ வருகிறது. "அது நீலம். இது வெல்டிங் வெக்கற மாதிரி. இதயெல்லாம் கேக்கோணுமா? உங்களுக்குத் தெரியலீங்களா?" "தெரியுது" என்கிறேன். அவள் போகாமல் நிற்கிறாள்.

விளக்கு தேயவில்லை. விளக்கில் எந்தக் குறையும் இல்லை. நான் நாளுக்கு நாள் கூட்டிக் கூட்டிப் பவளங்களை எரித்திருக்கிறேன். வெளிச்சம் போதாத பவளம் கழுத்தை நீட்டும், வெளிச்சத்தைத் தேடி மேலே எழும்பும் என்று நான்கு வருஷமாகத் தெரியும். என் பூக்கள் எழும்பவில்லை. பாறையோடு பாறையாகச் சுருங்கி வாயை மூடிக்கொண்டன, வெயிலுக்குப் பயந்து முக்காடு போட்ட மாதிரி. தினமும் விரல் நுனியில் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். தொட்டுவிட்டுப் போய் ரிமோட்டை எடுத்து இன்னும் இரண்டு புள்ளி ஏற்றியிருக்கிறேன். நேவியும் இதேதான். கம்ப்யூட்டர் சொன்னது, ஜெசிந்தா சொன்னாள், நான் என் கண்ணைக் கேட்டேன். சிலருக்கு என்று டாக்டர் சொன்ன அந்தச் சிலர் யாரோ இல்லை, இந்த ஸ்டூலில் சாய்ந்து நிற்கிறவன். இது எனக்கு இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லிக்கொள்ளப் பார்க்கிறேன். உண்மையாக இப்போதுதானா? துணியை ஏன் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். வசந்தாமணியிடம் ஏன் கலர் கேட்டுக்கொண்டே இருந்தேன். தெரியாத மனுஷன் கேட்பானா. "வசந்தா, நீ அந்த நம்பரப் பாத்துட்டே இரு. நூத்தி இருபது வந்ததும் சொல்லு" என்று ரிமோட்டை அமுக்கத் தொடங்குகிறேன். "நானூறு... முந்நூத்தி எழுவது..." என்று வாய்ப்பாடு சொல்வது போலச் சொல்லிக்கொண்டு வருகிறாள். எனக்குத் தொட்டி இருண்டுகொண்டே போகிறது. முதலில் பின்பக்கப் பாறை போனது, அப்புறம் மீன்கள், அப்புறம் பூக்கள். "நூத்தி இருபது வந்துருச்சுங்க" என்கிறாள். "இப்ப எப்படி இருக்குது?" "இப்பத்தான் அழகா இருக்குது. பாருங்க, அந்த ஓரத்துல ஒரு கொத்து இன்னும் பச்சையாவே இருக்குது, சாகல." எந்த ஓரம் என்று நான் கேட்கவில்லை.

போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போகிறேன். கதவைச் சாத்துகிறேன். எதிர்வீட்டு மாடியில் துணி காய்கிறது, என்னென்ன நிறமோ. ஜெசிந்தாவின் எண்ணை விரலால் தேடி அமுக்கிவிட்டு, எடுக்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். எடுத்துவிட்டாள். "சொல்லுங்க சார்." பின்னால் குக்கர் சத்தம், மகள்கள் ஏதோ சண்டை போடும் சத்தம். சாப்பிட்டாச்சா என்று கேட்க வாய் போகிறது. "ஜெசிந்தாம்மா, அந்த நேவி, அது பச்சை அடிச்சுதுங்க." "தெரியும் சார்." "எனக்குத் தெரியல. என் கண்ணுல கோளாறு. நீலம் மங்கிருச்சு. தை மாசமே டாக்டரு சொல்லிட்டாரு." அந்தப் பக்கம் அவள் எங்கேயோ நடந்து போகிறாள், சத்தங்கள் குறைகின்றன. "தையிலயா?" என்கிறாள். அப்புறம், "அப்போ மாசில பாஸ் போடும்போது ஒங்களுக்குத் தெரியும்." "தெரியும்." அவள் அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். வேலைக்கு மனுப்போட்ட இடத்தில் விவரம் சொல்கிறவள் மாதிரிப் பேசினாள். "மூணு கம்பெனில கேட்டேன் சார். மூணு பேரும் நம்ம மொதலாளிக்குப் போன் போட்டு விசாரிக்காவ. கலவைய மாத்துன பொம்பளன்னு சொல்லுதாராம். இப்ப ஒரு எடத்துல பனியன மடிச்சுப் பொட்டில வைக்கேன். காலையிலருந்து ராத்திரி வரைக்கும் நின்னுகிட்டு. பெரியவ, நீங்க நெசமாவே தப்புப் பண்ணுனீங்களாம்மான்னு கேக்கா." "மன்னிச்சிருங்க" என்கிறேன். "அதப் பெறவு பாப்போம் சார். இத எழுதித் தருவீங்களா?" "தர்றேன்." "எழுதுனா ஒங்க வேல போயிரும்." "ஆமா." "அது தெரிஞ்சு சொல்லுதீங்களா, இல்ல இப்ப மனசு கெடந்து அடிக்குன்னு சொல்லுதீங்களா?" யோசித்தேன். "ரெண்டுந்தான்" என்றேன். முதல் தடவையாக ஒரு மூச்சு விட்டாள். "அஞ்சு மணிக்கு வாரேன். ரெண்டு காப்பி எழுதி வைங்க" என்று வைத்துவிட்டாள்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வசந்தாமணி தட்டை வைத்தாள், தள்ளி வைத்தேன். கோடு போட்ட தாள், கோடு தெரியவில்லை, எழுத்து ஏறி இறங்கிப் போவது எனக்கே தெரிகிறது. மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு. மாசி மாதம் அனுப்பிய நேவி நீலத் துணியைப் பார்த்து ஒப்புக்கொண்டவன் நான். பச்சை அடிக்கிறது என்று ஜெசிந்தா அப்போதே சொன்னார். நான் கேட்கவில்லை. என் கண் நரம்பு கெட்டுவிட்டது, நீலம் சரியாகத் தெரிவதில்லை, இது மருத்துவர் சொன்னது. கலவையை அவர் மாற்றவில்லை. அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. இதை நான் சுயநினைவோடு எழுதுகிறேன். இனி இந்த வேலைக்கு நான் தகுதியில்லை. எழுதி முடித்ததும் கீழே கையெழுத்துப் போட்டேன், முப்பது வருஷம் கையெழுத்துப் போட்ட கை, ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு லாரி துணி வெளியே போயிருக்கிறது. வசந்தாமணியிடம் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் கண்ணாடியைத் தேடப் போவாள், அவள் தேடி வருவதற்குள் எனக்குத் தைரியம் போய்விடும். "இப்படி உக்காரு" என்று சொல்லி நானே வாசித்தேன். ஜெசிந்தா பெயர் வந்தபோது தலையை நிமிர்த்தினாள். கண் நரம்பு என்று வந்தபோது நான் தாளைவிட்டு மேலே பார்க்கவில்லை. வாசித்து முடித்த பிறகும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரியாகாதுங்களா?" என்றாள்.

"ஆகாது. இருக்கறதக் காப்பாத்தலாமாம். மருந்து விடறன்."

"எங்க வெச்சிருக்கறீங்க?"

"சட்டைப் பொட்டிக்குள்ள."

அவள் என் கையைப் பிடிக்கவில்லை. மேஜையில் சிந்திக் கிடந்த ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்துத் தட்டில் போட்டாள்.

"டாக்டரு என்னிக்குச் சொன்னாரு?"

"பொங்க லீவு முடிஞ்சு. தை எட்டு."

"கண்ணாடி மாத்தோணும்னு வந்து சொன்னீங்களே, அன்னிக்குங்களா?"

"அன்னிக்குத்தான்."

"அது இதுல இல்லீங்களே." தாளைத் தன் பக்கம் திருப்பி, படிக்க முடியாமலே பார்த்தாள். "இப்பத்தான் தெரிஞ்ச மாதிரியல்ல இருக்குது, நீங்க எழுதியிருக்கறது."

நான் எழுதும்போது அதை வேண்டுமென்று விடவில்லை. விடவில்லை என்றுதான் நினைத்தேன். மருத்துவர் சொன்னது என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போன இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது, அது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"அந்தத் தேதியையும் எழுதுங்க" என்றாள் வசந்தாமணி.

ஃபேன் காற்றில் தாள் தூக்கியது. அவள் எழுந்து வந்து ஒரு விரலால் அதன் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கையெழுத்துக்கு மேலே காலியாக இருந்த இடத்தில் இன்னொரு விரலை வைத்துக் காட்டினாள். நான் எழுதினேன்.